ஆவி அந்தோணியின் பன்னிரண்டு பீப்பாய்கள்

1

போன அக்டோபரில் கம்பெனியில் எனக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் கொடுக்கும் தொப்பி. முன்பக்கம் ஒரு மரப்பீப்பாய் படம், அதற்குக் கீழே என் பெயர். சேகர் என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். அதைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறதாம், நிரப்பிக் கொடுத்தால் ஆறு வாரத்தில் வேறு தொப்பி வருமாம். நான் இருந்ததையே போட்டுக்கொண்டேன். பத்து வருஷமாக இவர்கள் வாயில் என் பெயர் படாத பாடு படுகிறது. தொப்பியில் மட்டும் ஒழுங்காக வந்து என்ன ஆகப்போகிறது?

நான் இருப்பது கென்டக்கி மாநிலத்தில். இங்கே பர்பன் என்று ஒரு விஸ்கி செய்கிறார்கள். மக்காச்சோளத்தில் வடித்த சாராயத்தை, உள்பக்கம் கரியாகச் சுட்ட புது ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, கிடங்கில் உருட்டி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் சும்மா இருப்பார்கள். அப்படிச் சும்மா இருக்கிற வருஷங்களில் கிடங்கின் வெயிலும் ஈரமும் சரக்கை என்ன செய்கின்றன என்று அளந்து எழுதுவது என் உத்தியோகம். ஆவடி குவார்ட்டர்ஸில் விசாரிக்கிறவர்களிடம் என் அம்மா, "புள்ளை மரக் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. பீப்பாய் மரம்தானே.

தொப்பி கொடுத்த அன்று ராய் ஒரு பேச்சுப் பேசினார். ராய் என் மேலதிகாரி. பெயரைப் பார்த்து வங்காளி என்று நினைத்துவிடாதீர்கள், ஆறரை அடி உயர வெள்ளைக்காரர். "சேகர் வந்த முதல் வாரம் ஏழாவது மாடியில் என்ன நடந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். எல்லோருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் கொடுத்த கேக்கைத் தட்டோடு வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டேன்.

2

முதலில் அந்த ஏழாவது மாடியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிடங்கு ஏழு மாடி. உள்ளே முழுக்க மரச் சட்டம், வெளியே தகரச் சுவர், மேலே தகரக் கூரை. நான் சேர்ந்தது ஆகஸ்ட் மாதம். மேல் மாடியில் எப்படி இருந்திருக்கும் என்று, மே மாத மத்தியானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராய் ஒரு பழைய பீப்பாயைத் தட்டிக் காட்டினார். டொங் என்றது. பாதிக்கு மேல் காலி.

குனிந்து பீப்பாய்க்கு அடியில் பார்த்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஒழுகின தடயம் இல்லை. ராய் பக்கத்தில் போய் மெதுவாக, "இந்த மாடிக்கு யார் பொறுப்பு? அவருக்குக் குழந்தை குட்டி இருக்கிறதா?" என்று கேட்டேன். அவருக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்து, திரும்பவும் கேட்டேன். விசாரணை எப்போது என்றும் கேட்டேன்.

ராய் சிரித்த சிரிப்பில் அவரே ஏணிப் படியில் உட்கார வேண்டியதாயிற்று. பிறகு கையிலிருந்த படிவத்தைக் காட்டினார். அதில் 'தேவதைகளின் பங்கு' என்று ஒரு கட்டமே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். மர இடுக்கு வழியாக ஆவியாகிப் போவதைத் தேவதைகள் குடித்துவிட்டதாக எழுதிக்கொள்வது இவர்கள் வழக்கம். அவர் அந்தக் கட்டத்தில் ஒரு எண்ணை எழுதினார், கையெழுத்துப் போட்டார், அடுத்த பீப்பாய்க்குப் போய்விட்டார்.

யாரையும் கூப்பிடவில்லை. யாரையும் நிற்கவைத்துக் கேட்கவில்லை. நான் அங்கேயே நின்றேன். அம்பத்தூரில் எங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.

3

எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூருக்கும் அயனம்பாக்கத்துக்கும் இடையில், ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மதுபானக் கம்பெனியில் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை பண்ணவேண்டாம். லாரியில் வரும் ஸ்பிரிட்டில் தண்ணீரும் எசென்ஸும் கருக்கின சர்க்கரையும் கலந்தால் விஸ்கி. எசென்ஸை மாற்றினால் பிராந்தி. அது சரியாகக் கலந்திருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்லவேண்டும். பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியிருந்தேன். அந்தத் திமிரும் கூடவே வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

முதலாளி ஒரு தடவை வெளிநாடு போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே, "நாமளும் பீப்பாயில ஊற வெச்சுப் பார்த்தா என்ன?" என்றார். எங்கிருந்தோ பன்னிரண்டு பீப்பாய்கள் வந்து இறங்கின. பழைய கோடவுனில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, இரண்டு வரிசையாக வைத்தோம். இரண்டு வருஷம் கழித்துத் திறந்து பார்ப்பதாகத் திட்டம். கோடவுன் பொறுப்பு ஸ்டோர் கீப்பர் அந்தோணிக்கு.

அந்தோணி அண்ணன் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பூந்தமல்லிக்காரர். மதுபானக் கம்பெனியில் வேலை செய்தாரே ஒழிய ஒரு சொட்டு தொட்டதில்லை. வாசனையே ஆகாது. மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டுதான் கோடவுனுக்குள் போவார். பீப்பாய்களைத் தட்டி, "இன்னா நைனா, சோக்கா கீறியா?" என்று ஒவ்வொன்றிடமும் விசாரிப்பார். மூன்று வருஷம் நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சனிக்கிழமையானால் அவர் மனைவி பிலோமினா அண்ணி எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொடுத்துவிடுவார்.

முதல் கோடையில் பீப்பாய் மரம் காய்ந்து இரும்பு வளையமெல்லாம் லொடலொடவென்று ஆடியது. நான் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். மரம் காயக்கூடாது என்று போட்டிருந்தது. காற்றில் ஈரமில்லாத குளிர் தேசத்துக்காரன் எழுதின புத்தகம். எனக்கென்ன தெரியும்?

"அண்ணே, தினம் ரெண்டு வேளை தரையில தண்ணி ஊத்துங்க. கோணியை நனைச்சுப் பீப்பாய் மேல போட்டு வைங்க" என்றேன்.

"எவ்ளோ நாளிக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. எனக்கு மறந்துவிட்டது. அவர் மறக்கவில்லை. காலையில் வந்ததும், சாயங்காலம் போகுமுன்னும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்துவந்து ஊற்றுவார். வேறு யாரையும் உள்ளே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்து ஊற்றிவிட்டுப் போவார். "ஒரு நாள் விட்டா இன்னாண்ணே?" என்று அவர் மாதிரியே பேசிக் கிண்டல் செய்வேன். "கெமிஸ்ட்டு சொல்லிட்ட, அப்பால இன்னா பேச்சு?" என்பார். கோடவுனுக்குள் நுழைந்தால் சோறு வடிக்கிற அடுக்களை மாதிரி இருக்கும். கூரை கொதிக்கும், தரை ஈரமாக இருக்கும், மூச்சு முட்டும்.

4

இரண்டு வருஷம் கழித்துத் திறந்தோம். மூன்றில் ஒரு பங்கு சரக்கைக் காணோம்.

காணாமல் போனதுகூடப் பரவாயில்லை. மிச்சமிருந்ததில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன், வீரியமும் இறங்கியிருந்தது. பன்னிரண்டிலும் அப்படித்தான். அந்தக் குளிர் தேசத்துப் புத்தகத்தின்படி பீப்பாயிலிருந்து தண்ணீர்தான் அதிகம் ஆவியாகும், மிச்சம் இருப்பதில் வீரியம் ஏறவேண்டும். இங்கே இறங்கியிருக்கிறது. அப்படியானால் யாரோ சரக்கை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாடம் மாதிரி நேராக இருந்தது.

விசாரணையில் முதலாளி, பெர்சனல் மேனேஜர், விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் நான். மூன்று பேருக்கும் நாற்காலி. அந்தோணி அண்ணன் நின்றார்.

"சரக்கு எங்கய்யா போச்சு?" என்றார் பெர்சனல் மேனேஜர்.

"ஆவியா பூட்ச்சு சார்."

"எந்த ஆவி அந்தோணி? உங்க பரிசுத்த ஆவியா, இல்ல புளியமரத்து ஆவியா?"

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். சரியான வார்த்தையைச் சொன்னவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான், படித்தவன் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ஸ்பிரிட் கோடவுனுக்குள்ள வாளி எதுக்கு?"

"தண்ணி ஊத்த சார்."

அவ்வளவுதான். அதற்குமேல் யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் ஊற்ற யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. முதலாளியிடமிருந்து ஒரு அனுபவச் சான்றிதழ் தேவைப்பட்டது. என் முன்னால் ஒரு காகிதம் வைத்தார்கள். 'தண்ணீர் கலக்கப்பட்டிருக்கிறது' என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் எடுத்தார் என்று நான் நம்பினேனா? பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நம்பினால் வசதியாக இருந்தது, அதனால் நம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவரை அந்த வாரமே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பேர் மட்டும் நின்றுவிட்டது. 'ஆவி அந்தோணி.' அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் பரவிவிட்டது. கோயிலில் சாமியார் "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று சொல்லும்போதெல்லாம் இளவட்டங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்களாம். முன் வரிசையில் முழங்கால் போடுகிற மனுஷன் கடைசி வரிசைக்குப் போனார். பிறகு பூந்தமல்லி கோயிலுக்கே வருவதில்லை, ஆவடிக்குப் போய்ப் பூசை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் ஏரோப்ளேன் ஏறிவிட்டேன்.

5

மூன்று வருஷத்துக்கு முன் ராய்க்கு ஒரு யோசனை வந்தது. மேல் மாடியில் சூடு, ஆனால் காய்ந்த சூடு. கீழ் மாடியில் ஈரம், ஆனால் குளிர்ந்த ஈரம். சூடும் ஈரமும் ஒன்றாக இருந்தால் சரக்கு என்ன ஆகும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு தகரக் கொட்டகையைத் தனியாக ஒதுக்கி, எட்டு பீப்பாய் வைத்து, ஹீட்டர் போட்டார்கள். தரையை ஈரமாக வைக்கவேண்டும். ஈரத்துக்கு அனுமதி வாங்க மட்டும் நாலு படிவம். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒன்று, பூசணம் பிடித்தால் யார் பொறுப்பு என்று ஒன்று, மீதி இரண்டும் எதற்கென்று கடைசிவரை புரியவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. தினம் இரண்டு வேளை, இரண்டு வருஷம். 'ஈரத்தரை, கவனம்' என்று எழுதின மஞ்சள் பலகையை எனக்கு நானே வைத்துக்கொண்டு ஊற்றினேன்.

போன வருஷம் திறந்தோம். அளவு குறைந்திருந்தது. ஹைட்ரோமீட்டரை விட்டேன். வீரியமும் இறங்கியிருந்தது. எட்டிலும்.

விஷயம் சின்னது. காற்றே ஈரமாக இருந்தால் பீப்பாய்க்குள் இருக்கிற தண்ணீருக்கு வெளியேற இடமில்லை, அது உள்ளேயே தங்கிவிடும். சாராயம் மட்டும் சூட்டில் கிளம்பிப் போகும். அளவும் குறையும், வீரியமும் குறையும். யாரும் ஒரு சொட்டு எடுக்கவேண்டாம், யாரும் ஒரு சொட்டு கலக்கவேண்டாம். தரையில் தண்ணீர் ஊற்றினால் போதும். எவ்வளவு ஒழுங்காக ஊற்றுகிறோமோ அவ்வளவு திருட்டு மாதிரி தெரியும்.

ராய், "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். நான் பார்க்கிங்கில் போய்க் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டி, கார் கிளம்பவில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வயர் கொண்டுவந்து, நன்றாக இருக்கிற பேட்டரிக்கு அரைமணி நேரம் சார்ஜ் கொடுத்தார்.

6

இதைக் கம்பெனி காகிதத்திலேயே எழுதி, அந்தோணி அண்ணன் கையில் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. கம்பெனி மேலிடத்தில் அனுமதி கேட்டேன். "அந்தோணி நம் ஊழியரா?" "இல்லை." "வழக்கு ஏதாவது இருக்கிறதா?" "இல்லை." "பிறகு எதற்கு?" படிவத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'ஒரு மனிதரின் நல்ல பெயர்' என்று எழுதினேன். பட்டியலில் உள்ளதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 'இதர' என்று போட்டேன். ஒன்பது வாரத்தில் அனுமதி வந்தது.

நாலு பக்கம். சூடு, ஈரம், தகரம், ஆஸ்பெஸ்டாஸ், ஈரத்தரை, எல்லாம் விளக்கி, அம்பத்தூரில் நடந்த இழப்பு இயற்கையானதே என்று முடித்திருந்தேன். என் மகள் நித்யாதான் டைப் அடித்தாள். பதினோரு வயது. அவளுக்குத் தமிழில் தெரிந்தது சாப்பாட்டுச் சாமான்களின் பெயர்கள்தான், தமிழ் வகுப்புக்கு இரண்டு வாரம் போய்விட்டு நீச்சல் பழகவேண்டும் என்று நின்றுவிட்டாள். விசாரணையையும் நாங்கள் சிரித்ததையும் அவளிடம் சொல்லியிருந்தேன். அடித்துக்கொண்டே, அந்த ஆள் விசாரணையில் என்ன வார்த்தை சொன்னார் என்று இங்கிலீஷில் கேட்டாள். ஆவி என்றேன். நீராவிக்கும் அதுதான், பேய்க்கும் அதுதான், சாமிக்கும் அதுதான் என்று சொன்னேன்.

"அப்போ அவர் சரியாகத்தானே சொன்னார்? ஏன் சிரித்தீர்கள்?"

"சிரிப்பு வந்தது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நீச்சலுக்குக் கிளம்பிவிட்டாள். அந்த நாலு பக்கம் எட்டு மாதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. விலாசம் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தத் தொப்பி வந்தது.

7

டிசம்பரில் போய் இறங்கினேன். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் குமணன்சாவடி டீக்கடையில், ஸ்டோர் கீப்பராக இருந்த அந்தோணி வீடு எங்கே என்று விசாரித்தேன். "எந்த அந்தோணி? ஆவி அந்தோணியா?" என்றார் கடைக்காரர். இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் விலாசம். திருவேற்காட்டுக்குக் குடிபோய்விட்டார், ஹார்ட்வேர் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறார் என்று சொல்லி, ஒரு வேனில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தோணி அண்ணனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. "அட, கெமிஸ்ட்டு! வா நைனா, குந்து" என்றார். பிலோமினா அண்ணி வா என்று சொல்லவில்லை. கதவோரமாக நின்றார். மகள் ஸ்டெல்லா காலேஜில் முதல் வருஷம். அன்றைக்கு ஐந்து வயதுக் குழந்தை.

நான் காகிதத்தைக் கொடுத்தேன். ஸ்டெல்லா ஒவ்வொரு பக்கமாகப் படித்து அவள் அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அட! நான் தண்ணி ஊத்த ஊத்தத்தான் சரக்கு ஓடிச்சா? நல்லதுக்குன்னு ஊத்திகினு இருந்தேனே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார்.

"அப்போ எங்க ஊட்டுக்காரர் திருடலன்னு இந்தக் காயிதம் சொல்லுதா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆமா அண்ணி."

"அது எங்களுக்குத் தெரியும். தெரியாதது இன்னா கீது அதுல?"

அந்தோணி அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கீது. சூடு கீது, ஈரம் கீது, கூர கீது. தண்ணி ஊத்தச் சொன்னது யாருன்னு கீதா பாரும்மா."

ஸ்டெல்லா நாலு பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டினாள். அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்று விட்டேனா, தானாக விட்டுப்போனதா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

"இல்லப்பா" என்றாள்.

"அன்னிக்கு ஒன் பேர நானே சொல்லியிருப்பேன்" என்றார் என்னிடம். கோபமே இல்லை குரலில். "நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். ஸ்டெல்லாவிடம் பேனா வாங்கினேன். நாலாம் பக்கத்தில், கம்பெனி முத்திரைக்குக் கீழே, தமிழில் எழுதினேன்: 'கோடவுனில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். விசாரணையில் அதை மறைத்தேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இதைப் படித்துச் சொல்ல மகள் தேவைப்படவில்லை. அவரே எழுத்துக் கூட்டி, மெதுவாக, வாய்விட்டுப் படித்தார். அண்ணி கதவை விட்டு வந்து பக்கத்தில் நின்று கேட்டார். முடிந்ததும் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ரெண்டு வரிக்கு இன்னாத்துக்கு நைனா அமெரிக்கா வரிக்கும் போன?" என்றார்.